பரணில் உள்ள டேப் ரிக்கார்டர்: பழுதுபார்த்தலும் பராமரிப்பும்



ஒரு காலத்தில் நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் இருக்கும். காலையில் கடை திறந்ததும் பக்திப் பாடல் கேசட்டைப் போட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுவோம். கடைத் திறப்பு விழா, சங்கக் கூட்டம், வீட்டுத் திருமணம் எல்லாவற்றையும் அதிலேயே பதிவும் செய்தோம். இன்று அந்தப் பெட்டி பரணில் இருக்கிறது. கேசட்டுகள் பழைய பிஸ்கட் அட்டைப் பெட்டியில் இருக்கின்றன.

நம் உறுப்பினர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் 1988ஆம் ஆண்டு கடைத் திறப்பு விழாவில் பேசிய கேசட்டை எடுத்தார். பரணிலிருந்து இறக்கிய டேப் ரிக்கார்டரில் அப்படியே போட்டார். அரை நிமிடத்தில் நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. பதறிப்போய் இழுத்ததில் அறுந்துவிட்டது. நாங்கள் ஒட்டிக் கொடுத்தோம். ஆனாலும் கசங்கிய இடத்தில் இருந்த சில வார்த்தைகள் போனது போனதுதான். தந்தையாரின் குரல் இருந்தது அந்த ஒரே கேசட்டில்.

இதில் நமக்குள்ள பாடம் ஒன்றுதான். இயந்திரம் கெட்டால் பழுதுபார்க்கலாம், வேறு வாங்கலாம். நாடா கெட்டால் ஈடு கிடையாது. ஆகவே முதலில் இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகே முக்கியமான கேசட்டைத் தொட வேண்டும்.

இயந்திரம் ஓடும் விதம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகம் செய்த கேசட்டில் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக்கின் மேல் காந்தத் துகள் பூசியிருக்கும். வினாடிக்கு சுமார் 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் இது 'ஹெட்'டைத் தொட்டபடி ஓடுகிறது. நாடாவை இழுப்பவை இரண்டு: கேப்ஸ்டன் என்னும் எஃகுத் தண்டு, அதை அழுத்தும் ரப்பர் உருளை. மோட்டாரின் சுழற்சியைக் கொண்டுசெல்வது ரப்பர் பெல்ட். இழுத்துவிட்ட நாடாவை மறுபக்கச் சக்கரம் உடனே சுற்றிக்கொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்து அந்தச் சக்கரம் நின்றுவிட்டால் நாடா உள்ளேயே குவிந்து சிக்கும். நம் உறுப்பினருக்கு நேர்ந்தது இதுதான்.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே மாவுத் தூசியும் மிளகாய்ப்பொடியும் படிந்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

2. ஹெட்டின் மேல் பழுப்பு நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தால் குரல் மங்கிக் கேட்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும் கேப்ஸ்டனையும் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் கூடாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும்.

3. ரப்பர் உருளையைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். அது பளபளவென்று இறுகியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

4. பழைய பெல்ட் தளர்ந்திருக்கும். சிலவற்றில் தார்போல உருகியே போயிருக்கும். உருகியதை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும். பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும் என்பதால் புதியது அதைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும்.

5. எண்ணெய் விடுவதானால் தண்டு சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ரப்பரிலோ பெல்ட்டிலோ பட்டால் வழுக்கும்.

6. 'உம்' என்ற இரைச்சல் கேட்டால் பவர் சப்ளையில் உள்ள கப்பாசிட்டர்கள் வறண்டிருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. காரணமில்லாமல் அதைத் திருப்பினால் எல்லாக் கேசட்டும் மங்கிக் கேட்கும்.

சோதித்த பிறகே முக்கியமான கேசட்

வேண்டாத கேசட் ஒன்றை இரண்டு பக்கமும் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். நாடா கசங்கவில்லையா, வேகம் சரியா என்று கவனியுங்கள். நேரம் தெரிந்த பாட்டு ஒன்றைக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தாலே வேகம் தெரிந்துவிடும்.

முக்கியமான கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் முதலில் ஒடித்துவிடுங்கள். தவறி 'ரிக்கார்டு' பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடாவின் நடுவே பின்புறம் உள்ள சிறு கம்பளித் துண்டு விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஒருமுறை ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்வது நல்லது. பிரதி ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். பிரதி எடுத்தாயிற்று என்று மூல நாடாவை எறிந்துவிடக் கூடாது. ஈரமில்லாத இடத்தில், ஸ்பீக்கருக்கு எட்ட, நிற்கவைத்து வைக்க வேண்டும். குடோன் இதற்கு ஏற்ற இடமல்ல.

கணக்கு நோட்டைச் செல் அரிக்காமல் காக்கும் நாம், பெரியவர்களின் குரலையும் அதே அக்கறையுடன் காக்க வேண்டும். வரும் விடுமுறை நாளில் பரணில் உள்ள பெட்டியை இறக்குங்கள். முதலில் பஞ்சை எடுங்கள். கேசட்டை அப்புறம் எடுக்கலாம்.