மானாப்புல்லுக்கு நெருப்பு வைக்காதீர்கள்



மானாப்புல்லைத் தெரியாத பிள்ளை நம்ம மலையில் இல்லை. ஆனால் அதன் குணத்தைச் சரியாக அறிந்தவர்கள் குறைவு. இந்த முறை அதைப் பற்றிப் படிப்போம்.

மானா, ‘சிம்போபோகன்’ என்னும் புல் இனத்தைச் சேர்ந்தது. உலகத்தில் இந்த இனத்தில் சுமார் 50 வகைகள் உண்டு. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடம் நிற்கும். பல வகைகளில் இலையைக் கசக்கினால் வாசனை வரும். இலையில் உள்ள எண்ணெய்தான் காரணம்.

நம்ம நாட்டில் நாம் காண்பவை:

1. மானா: பத்தனைகளில் தானாக வளரும். ஆள் உயரம் வரும்.

2. சிட்ரொனெல்லா: மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் பயிரிடுவார்கள். இதன் எண்ணெய் சோப்புக்கும் நுளம்பை விரட்டவும் உதவும்.

3. சேரா: கறிக்குப் போடும் எலுமிச்சை வாசனைப் புல். லயத்துத் தோட்டத்திலேயே நடலாம்.

மானாவால் நமக்கு என்ன நன்மை?

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி கன்று நடுவதற்கு முன் மானாவையோ குவாத்தமாலா புல்லையோ 18 மாதம் முதல் 2 வருடம் வரை வளர்ப்பது வழக்கம். வளர வளர வெட்டி அங்கேயே பரப்புவார்கள். களைத்துப்போன மண்ணுக்கு அது உரம். வேர் மண்ணைப் பிடித்து வைக்கும்.

பிறகு ஏன் எரிக்கிறார்கள்?

முற்றிய மானாவை மாடு விரும்பித் தின்னாது. எரித்தால் இளம்புல் துளிர்க்கும் என்று சிலர் நெருப்பு வைக்கிறார்கள். துளிர்ப்பது உண்மைதான், நெருப்பில் மானாவின் அடிக்கட்டை சாவதில்லை. சாவது அதனிடையே முளைத்த மரக்கன்றுகள். ஆகவே எரிக்க எரிக்க மரம் குறைந்து மானாவே பெருகும்.

ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் காற்றும் கடுமை. அப்போது வைத்த நெருப்பு கைக்கு அடங்காது. லயம் வரைக்கும் வரும். அடுத்து ஒக்டோபர் மழையில் வெறும் மண் கரைந்து ஓடைக்குப் போகும். அந்த ஓடைத் தண்ணிதான் நம்ம பீலிக்கு வருகிறது.

நாம் செய்ய வேண்டியது:

• வெயில் காலத்துக்கு முன்பே லயத்தைச் சுற்றியுள்ள மானாவை வெட்டி அப்புறப்படுத்துவோம்.

• மாட்டுக்குக் குவாத்தமாலா புல் வெட்டிப் போடுவோம்.

• பீடித் துண்டு, அடுப்புச் சாம்பலைத் தண்ணி ஊற்றி அணைத்த பிறகே வீசுவோம்.

• பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

வெட்டிப் பரப்பினால் மானா மண்ணைக் காக்கும். நெருப்பு வைத்தால் மண்ணும் போகும், தண்ணியும் போகும்.