ஓய்வு நேரம் யாருடைய உடைமை?

தறியை நிறுத்திய பின்னும், கழனியிலிருந்து வீடு திரும்பிய பின்னும் எஞ்சி நிற்கும் பொழுதை நாம் ஓய்வு நேரம் என்று சொல்கிறோம். பங்குத் தொகைக்குக் கணக்கு வைக்கிறோம். நூலுக்கும் விதைக்கும் உரத்துக்கும் கணக்கு வைக்கிறோம். இந்த ஓய்வுப் பொழுதுக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. செம்பரம்பாக்கத்து ஏரி 3,645 மில்லியன் கன அடி நீரைத் தாங்க வல்லது. ஆயினும் கரையும் மதகும் இல்லையேல் அத்தனை நீரும் ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போய்விடும். ஓய்வு நேரமும் அத்தகையதே. கரை கட்டிக் காப்பவருக்கே அது பயன்படும்.

இம்மாதப் பாடத்தில் காலுக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என மூன்று பொழுதுபோக்குகளை ஆராய்வோம். நடைப்பயிற்சி, ஒலிப்புத்தகம், குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் ஆகியவை அவை. மூன்றும் பெருஞ்செலவு இல்லாதவை. ஆயினும் மூன்றாவதில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. அதனை அங்கத்தினர்கள் தெளிவாக உணர வேண்டும் என்பதே இப்பாடத்தின் முக்கிய நோக்கமாகும்.

1. ஓய்வு என்பது யாது?

ஓய்வு சோம்பல் அன்று. கூலியில்லா வேலையும் அன்று. உழைத்த உறுப்புக்கு இளைப்பாறுதலும், வாளா இருந்த உறுப்புக்கு வேலையும் தருவதே நல்ல ஓய்வு. குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்குக் கால்கள் மிதியை மிதிக்கின்றன; கைகள் நாடாவை ஓட்டுகின்றன; ஆனால் உடல் நாள் முழுவதும் ஓரிடத்திலேயே இருக்கிறது. முன்னாளில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, அதன் நெடுகிலும் போய்வந்து சீர் செய்த காலத்தில் நெசவாளருக்கு நடை தானாகவே கிடைத்தது. ஆலையிலிருந்து பாவு சுற்றி வரும் இடங்களில் அந்த நடை நின்றுவிட்டது. உழவருக்கோ நடவு, அறுவடைக் காலங்களில் உடம்பு முறிய வேலை. மற்றக் காலங்களில் நீண்ட இடைவெளி. ஆகவே ஒருவருக்கு ஏற்ற ஓய்வு மற்றவருக்கு ஏற்கும் என்று கொள்ளலாகாது.

2. காலுக்கு நடை

உட்கார்ந்தே செய்யும் தொழிலின் தீங்கை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். லண்டன் மாநகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே வண்டியில் பணி செய்பவர்கள். ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். நடத்துநரைக் காட்டிலும் ஓட்டுநருக்கே இதய நோய் மிகுதியாக வந்தது என்று அவர் கண்டார். தறியில் அமர்ந்திருக்கும் நம் அங்கத்தினர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இந்த எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரே உலகெங்கும் விதிபோல் பரவிற்று. அமெரிக்காவில் முதிய பெண்டிர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் கூடுதல் நன்மை தென்படவில்லை. ஆகையால் பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை விட்டுவிட வேண்டுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விரைந்து நடந்தால் கீழ் அளவு நிறைவேறிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மிதமான வேகத்துக்கு இதுவே எளிய அளவுகோல். இதய நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம். நடக்கையில் மார்பு வலித்தால் உடனே நின்று உதவி நாட வேண்டும்.

எங்கே நடப்பது? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் பகுதியின் ஊடே செல்கிறது. பெருவண்டிகள் விரையும் அச்சாலையின் ஓரம் நடைப்பயிற்சிக்கு உரிய இடமன்று. உள்தெருக்களையும் பள்ளி மைதானங்களையும் தெரிந்துகொள்க. சாலையில் நடந்தே ஆக வேண்டுமாயின், எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக நடக்க வேண்டும். இருள் பிரியுமுன் செல்வோர் வெளிர்நிற ஆடை அணிய வேண்டும். ஏரியின் மதகும் கலங்கலும் உலாவும் இடங்கள் அல்ல. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்படி மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. அதுபோலவே ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்குள் ஒரு சிறு நடைபாதையைக் குறித்துக்கொள்ளலாம்.

3. செவிக்கு நூல்

நூலைக் கண்ணால் படிப்பதுதான் படிப்பு என்று எண்ணுவது பிற்கால வழக்கம். நம் தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படிக்க ஒருவரும் கேட்க ஊராரும் கூடுவது நெடுநாள் மரபு. ஏரிக்குக் கிழக்கே உள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழாரின் பெரிய புராணத்தையும் நம் முன்னோரில் பெரும்பாலார் காதால் கேட்டே அறிந்தனர். ஆகவே ஒலிப்புத்தகம் நமக்குப் புதிய விருந்தாளி அன்று. உடை மாற்றி வந்த பழைய உறவினரே.

ஒலிப்புத்தகம் முதலில் எழுந்தது பார்வையற்றோரின் பொருட்டு. 1930களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவர்களுக்காக நூல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் முயற்சி தொடங்கிற்று. நமக்கு அண்மையில் உள்ள பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக நடந்து வருகிறது. பார்வையற்றோர் நூல்களை எளிதில் பெறுவதற்கென 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை ஏற்பட்டது. 2014இல் அதனை உலகில் முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. எழுத்து மங்கலாகத் தெரியும் முதியோரும், எழுதப் படிக்கக் கற்க வாய்ப்பில்லாது போன அங்கத்தினரும் இவ்வழியால் இன்று பயனடையலாம்.

உழைப்போர் கூட்டாக நூல் கேட்ட வரலாறு நாம் போற்றத்தக்கது. கியூபா நாட்டின் ஹவானா நகரில் 1865 முதல் சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியில் சிறுபகுதியைச் சேர்த்து வாசிப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டனர். அவர் உயரமான இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். சுருட்டு சுற்றுவோர் கேட்டுக்கொண்டே வேலை செய்வர். இதே வழக்கம் கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியின் பீடித் தொழிலாளரிடையேயும் இருந்தது. தமக்குள் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றித் தந்தனர். அத்தொழிலாளர்கள், தனியார் நிறுவனங்கள் மூடப்பட்டு வேலை இழந்த நிலையில், 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தோற்றுவித்தனர். கூடிக் கேட்டவர்கள் கூடித் தொழில் நடத்தவும் துணிந்தனர்.

நம் உழவரும் செவியின் பயனை அறியாதவர் அல்லர். 1960களில் தஞ்சையில் ஆடுதுறை 27 என்னும் நெல் வானொலி வாயிலாகவே உழவரிடம் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது.

இன்று கைப்பேசியிலேயே தமிழ்க் கதைகளும் கட்டுரைகளும் ஒலி வடிவில் கிடைக்கின்றன. தார் சுற்றும்போதும், கடலை உரிக்கும்போதும், பூத் தொடுக்கும்போதும் கேட்கலாம். புட்டா எண்ணி நெய்யும்போது கேட்கலாகாது. எண்ணிக்கை தவறினால் சேலை கெடும். மருந்து தெளிக்கும்போதும், இயந்திரத்தை இயக்கும்போதும், சாலையில் நடக்கும்போதும் செவி திறந்தே இருக்க வேண்டும். தறியின் ஓசையை வெல்ல வேண்டி ஒலியைப் பெருக்குவது காதுக்குக் கேடு.

4. கைக்குப் பின்னல்

குரோஷாவுக்குத் தறி வேண்டா, பாவு வேண்டா. முனையில் கொக்கி உள்ள ஓர் ஊசியும் நூலும் போதும். முதலில் சங்கிலிக் கண்ணிகளைப் போட்டு, அவற்றின்மேல் அடுத்த வரிசையைக் கட்டி ஏற்றுவதே இதன் முறை. இரண்டு ஊசி கொண்டு செய்யும் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே காத்திருக்கும். இதிலோ பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். எனவே பாதியில் வைத்துவிட்டு எழுந்து சென்று மீண்டும் தொடரலாம். தவறினால் இழுத்துப் பிரித்து அதே நூலால் மறுபடி பின்னலாம். நம் வெப்ப நாட்டுக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூலே ஏற்றது. கற்போர் தடித்த நூலில் தொடங்கிப் பழகிய பின் மெல்லிய நூலுக்குச் செல்க.

இதில் ஒரு எச்சரிக்கை. நாள் முழுவதும் இழை பிணைத்த விரல்களுக்கு மாலையில் பின்னல் ஓய்வாகாது. நெசவாளர் நடையையும் செவி நூலையும் முதலிற் கொள்க. மற்றவர் பின்னினாலும் அரைமணிக்கு ஒரு முறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்குக.

மகிழ்ச்சிக்காகப் பின்னுவோர் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையே காட்டிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின் துயர் ஆறுமுன்னர், 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் குழுவினர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்தனர். கின்னஸ் நிறுவனம் அதனை உலகிலேயே மிகப் பெரிய குரோஷா போர்வை என்று பதிந்தது. இது ஓய்வின் ஒரு முகம்.

மற்றொரு முகமும் உண்டு. ஆந்திர மாநிலத்தில் கோதாவரிக் கரையில் உள்ள நரசாப்பூர், குரோஷா லேசுக்குப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சமய ஊழியர் கற்பித்த கலை அது. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட நூலில் கண்ட உண்மை கசப்பானது. அங்குள்ள பெண்டிர் வீட்டு வேலை அனைத்தும் செய்த பின் நாள்தோறும் பல மணி நேரம் லேசு பின்னினர். ஆயினும் அது 'இல்லத்தரசியர் ஓய்வு நேரத்தில் செய்வது' என்றே கருதப்பட்டது, தொழிலாகக் கணிக்கப்படவில்லை. அதனால் கூலி மிகத் தாழ்ந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த வணிகர்க்கே இலாபம் சென்றது. 'ஓய்வு நேரம்' என்ற சொல் ஒன்றே அவர்தம் உழைப்பின் விலையைக் குறைக்கும் கருவியாயிற்று.

5. கணக்குப் பாடம்

நம் ஊரிலும் எவரேனும் வந்து, "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னித் தாருங்கள், விரிப்பு ஒன்றுக்கு நூறு ரூபாய்" என்று சொல்லக்கூடும். உடனே மகிழ்ந்துவிடாமல் கணக்குப் போட வேண்டும். நூல் விலை 40 ரூபாய் எனவும், பின்ன ஆகும் நேரம் ஆறு மணி எனவும் வைத்துக்கொள்வோம். நூல் போக எஞ்சுவது 60 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய். இந்தக் கூலிக்கு ஒருவரைக் களை பறிக்க அழைத்தால் வருவாரா? வாரார் எனின், நாம் மட்டும் ஏன் இசைய வேண்டும்?

இதனால் பின்னலை விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் கலக்காதீர் என்றே சொல்கிறோம். தனக்கும் தன் வீட்டார்க்கும் நண்பர்க்கும் பின்னுவது ஓய்வு. அதற்குக் கணக்கு வேண்டா. விலைக்குப் பின்னுவது தொழில். அதற்கு மணிக்கணக்கும், நூற்கணக்கும், ஞாயமான கூலியும் வேண்டும். தனித்தனியே பேரம் பேசினால் விலை தாழும். சங்கத்தின் வாயிலாகச் சேர்ந்து பேசினால் நிலைக்கும். நெசவுக்குக் கற்ற இந்தப் பாடத்தை ஊசிக்கு மறக்கலாமா?

6. சங்கம் செய்யத்தக்கது

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் வெண்ணெயும் மாவும் விற்றதோடு நில்லாமல், வாசகசாலை அமைத்து, உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். நம் மாவட்டத்துத் திரூரில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட பெரியோரும், கடனோடு மனிதர் வளர வேண்டும் என்றே விழைந்திருப்பர். சங்கக் கட்டிடத்தில் வாரம் ஒரு மாலை ஒரு மணி நேரம் கூடிக் கேட்பதற்கு ஒரு சிறு ஒலிபெருக்கி போதும். காலையில் பத்துப் பேர் சேர்ந்து நடப்பதற்குச் செலவே இல்லை. பின்னல் தெரிந்த அம்மையார் ஒருவர் மற்ற ஐவருக்குக் கற்பிக்க ஒரு திண்ணை போதும்.

நம் உழைப்பை விற்கலாம்; விளைவை விற்கலாம். ஓய்வு நேரம் நாம் விற்க வேண்டுவதில்லாத ஒரே உடைமை. அதனை விலைக்கு இடுவதானால், அறிந்து இடுவோம், தக்க விலைக்கு இடுவோம், ஒன்றுசேர்ந்து இடுவோம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு:

1. நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது? ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே கணக்கிடுக.

2. நம் ஊரில் அச்சமின்றி அரைமணி நேரம் நடக்கத்தக்க பாதை எது?

3. வீட்டில் இருந்தபடி விலைக்குச் செய்யும் கைவேலை எதற்கேனும் இப்போது மணிக்கு எவ்வளவு கூலி கிடைக்கிறது? அதனை உயர்த்தச் சங்கம் என்ன செய்யலாம்?