சுரங்கத்தை அடுத்த குதிரைப் பண்ணை தரும் பாடம்

பக்கத்து நிலத்தில் சுரங்கமோ கல் குவாரியோ வரப்போகிறது என்றால் கால்நடை வளர்ப்போர் என்ன செய்ய வேண்டும்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹண்டர் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கு கூல்மோர், டார்லி என்னும் பந்தயக் குதிரை வளர்ப்புப் பண்ணைகளுக்கு அருகே, டிரேட்டன் சவுத் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் திட்டமிடப்பட்டது. தூசி, வெடி அதிர்வு, இரைச்சல் ஆகியவற்றை எடுத்துக்காட்டிப் பண்ணையாளர்கள் எதிர்த்தனர். மாநிலத் திட்ட மதிப்பீட்டுக் குழு 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் அனுமதி மறுத்தது. தோண்டிய பிறகு அல்ல, அனுமதி கேட்கும்போதே அவர்கள் வாதாடினர் என்பதைக் கவனியுங்கள்.

அவை பெரும் பண்ணைகள். சிறு உழவருக்கு அத்தனை வசதி இல்லை. எனினும் கீழ்க்கண்டவற்றை எவரும் செய்யலாம்.

1. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நாளை அறிந்து, ஆட்சேபணையை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள்.

2. சுரங்கம் தொடங்குமுன்பே கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதுங்கள். நீரையும் பரிசோதித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுக் காட்ட இதுவே சான்று.

3. வெடி வைத்த நாள், நேரம், கால்நடை மிரண்டது, கன்று வீச்சு, பால் குறைவு ஆகியவற்றை அன்றன்றே குறியுங்கள்.

4. வெடி நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, சினைக் குதிரைகளையும் குட்டிகளையும் முள்கம்பி வேலியை விட்டுத் தள்ளி வையுங்கள். மிரண்டு ஓடினால் கம்பியில் கிழிபடும்.

5. எல்லையில் சவுக்கு, வேம்பு மரங்களை வரிசையாக நடுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். தூசி படிந்த தீவனத்தைக் கழுவிக் கொடுங்கள்.

சேதத்தை மதிப்பிட வரும் அலுவலர் கேட்பது ஆதாரத்தை. ஆகவே, குறிப்பேட்டை இன்றே தொடங்குங்கள்.