கச்சேரி கேட்கும் மைதானம்

கேள்வி: அமெரிக்கர்களுக்குச் சொந்த ஊர் பேஸ்பால் அணி என்றால் அவ்வளவு பித்தா? அந்த மைதானங்களில் பாட்டுக் கச்சேரியும் நடக்குமாமே?

பதில்: பாஸ்டன் நகரத்தைப் பார்த்தால் போதும். அங்குள்ள ரெட் சாக்ஸ் அணி 1918-இல் பேஸ்பாலின் உலகத் தொடர் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 2004-இல்! இடைப்பட்ட 86 ஆண்டுகளில் தாத்தா, அப்பா, மகன் என்று பல குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் காத்திருந்தன. அணியை மாற்றிக்கொள்ளும் யோசனை அவர்களுக்கு வரவே இல்லை. 2004-இல்கூட பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, அடுத்த நான்கையும் வென்றுதான் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள்.

பாட்டும் பழைய உறவுதான். 1903-இல் நடந்த முதல் உலகத் தொடரிலேயே பாஸ்டன் ரசிகர்கள் 'டெஸ்ஸி' பாட்டின் வரிகளை மாற்றிப் பாடி, பிட்ஸ்பர்க் வீரர்களை வெறுப்பேற்றினார்கள். பாஸ்டன் ஜெயித்தது. பாட்டால்தான் என்று ரசிகர்கள் நம்பினால் யார் மறுப்பது?

1912-இல் திறந்த ஃபென்வே பார்க்தான் அணியின் வீடு. இடப்புறம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். 2003-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே பாடினார். பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ், பால் மெக்கார்ட்னி என்று பலர் வந்தார்கள்.

ஆட்ட நாளிலும் எட்டாவது இன்னிங்ஸில் நீல் டைமண்டின் 'ஸ்வீட் கரோலின்' ஒலிக்கும். அரங்கமே சேர்ந்து பாடும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த மறுநாள், யாங்கீஸ் தங்கள் மைதானத்தில் அதே பாட்டை ஒலிக்கவிட்டார்கள். சில நாளில் டைமண்டே ஃபென்வேக்கு நேரில் வந்து பாடினார்.