மோதிர வைரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்குவோர் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் கல்லின் எடையைத்தான். ஆனால் ஒரு வைரத்தின் அழகைத் தீர்மானிப்பதில் எடைக்குள்ள பங்கு மிகக் குறைவு. 1931இல் தொடங்கப்பட்டு ஜிஐஏ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கு பண்புகளைக் கொண்டு வைரத்தை மதிப்பிடும் முறையை வகுத்தது; அதுவே இன்று உலகெங்கும் வழங்குகிறது. இவற்றுள் நிறமும் தெளிவும் மண்ணுக்கடியில் கல் உருவானபோதே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. வெட்டு ஒன்றே முழுவதும் கைவினைஞரின் திறனைச் சார்ந்தது என்பதால், தேர்வை அதிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

வெட்டு என்பது கல்லின் வடிவத்தைக் குறிப்பதன்று. பட்டைகள் எந்தக் கோணத்தில், எந்த விகிதத்தில், எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டப்பட்டுள்ளன என்பதையே அது குறிக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42 என்னும் மிக உயர்ந்த அளவாக இருப்பதால், சரியான கோணத்தில் தீட்டப்பட்ட கல்லின் மேற்புறம் வழியாக நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் முழுமையாக எதிரொளித்து மீண்டும் மேல்வழியாகவே கண்ணை வந்தடைகிறது. அடிப்பகுதி தட்டையாகிவிட்டால் ஒளி கீழே கசிந்து கல் கண்ணாடித் துண்டுபோல் வெறுமையாகத் தோன்றும். அளவுக்கு மீறி ஆழமானால் நடுவில் இருள் படியும். 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி இந்த விகிதங்களைக் கணிதவழியில் ஆராய்ந்து வெளியிட்ட நூல், 57 பட்டைகள் கொண்ட (அடிமுனையும் தீட்டப்பட்டால் 58) இன்றைய வட்ட வெட்டுக்கு அடிப்படையாக அமைந்தது. வட்டக் கல்லாயின் ஆய்வக அறிக்கையில் வெட்டின் தரம் ஐந்து படிகளுள் முதலாவதான ‘எக்ஸலென்ட்’ என்றிருப்பதையே தேர்வது நல்லது. இதில் ஒரு படி குறைத்துப் பணம் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் தவறான சிக்கனமாகவே முடிகிறது. நீள்வட்டக் கற்களில் விகிதம் பிசகினால் நடுவே கழுத்துப்பட்டை முடிச்சுபோல் ஒரு கரிய பட்டை தெரியும் என்பதால், அவற்றை நேரில் சாய்த்துப் பார்க்காமல் வாங்குவது முறையன்று. கடையின் கூரைவிளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னவே செய்யும். சன்னலோரப் பகல் வெளிச்சத்திலும் உள்ளங்கை நிழலிலும் உயிர்ப்போடு தோன்றும் கல்லே நல்ல வெட்டுடையது.

அடுத்து நோக்க வேண்டியது தெளிவு, அதாவது கல்லினுள்ளும் மேற்பரப்பிலும் உள்ள குறைகளின் அளவு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டுமிடத்தில் காகபாதம், விந்து, ஏகை, களங்கம் என்று வைரத்தின் குற்றங்களைப் பெயரிட்டே வகைப்படுத்துகிறது. காக்கைக்கால் போன்ற பிளவு, புள்ளி, கோடு, கறை ஆகிய அவற்றையே இன்றைய ஆய்வகங்களும் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியின் கீழ் தேடி, 11 படிகளாகத் தரம் பிரிக்கின்றன. குறையே இல்லாத கல்லுக்கு மிகுந்த விலை கொடுப்பதில் பயன் சிறிதே, ஏனெனில் மோதிரத்தை எவரும் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதில்லை. ‘விஎஸ்2’ தரமும், கவனமாகத் தேர்ந்தால் ‘எஸ்ஐ1’ தரமும் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தூய்மையாகவே தெரியும். குறை இருக்குமிடம் அதன் அளவைப்போலவே முக்கியமானது: விளிம்போரப் புள்ளியைக் கல்லைப் பிடிக்கும் கவ்வியால் மறைத்துவிடலாம், நடுவிலுள்ள கரும்புள்ளியை மறைக்க இயலாது, விளிம்புவரை ஓடும் பிளவோ கல்லின் உறுதியையே பாதிக்கும்.

நிறம், முற்றிலும் நிறமற்ற ‘டி’ முதல் மஞ்சள் தெளிவாகத் தெரியும் ‘இசட்’ வரை எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து மாதிரிக் கற்களோடு ஒப்பிடுவதால் புலப்படும் நுண்ணிய வேறுபாடு, மோதிரத்தில் மேல்நோக்கிப் பதித்தபின் மறைந்துவிடுகிறது. பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ பதிப்பதாயின் ‘ஜி’, ‘எச்’ ஆகியவையும், மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாயின் ‘ஜே’, ‘கே’ ஆகியவையும் போதுமானவை. சில கற்கள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கப் பெயரிலிருந்து வந்த ‘புளூ ஜாகர்’ என்ற பெயரில் தமிழகத்து வைரத்தோடுகளில் இத்தகைய நீலச்சாயல் கற்கள் நெடுங்காலம் விரும்பப்பட்டன. இன்றைய சந்தை இவ்வொளிர்வுக்கு விலையைக் குறைத்தே மதிப்பதால், பால்போல் மங்கித் தோன்றாத கல்லாயின் அது வாங்குவோருக்கு ஆதாயமே.

எடையை இறுதியில் முடிவு செய்யலாம். ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதன் நூறில் ஒரு பங்கைக் கடைக்காரர்கள் சென்ட் என்பர். தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் கேரட்டோடு இதற்குத் தொடர்பில்லை. கேரட்டுக்கான விலை 50 சென்ட், ஒரு கேரட் போன்ற முழு எண்களில் தாவி உயர்வதால், 90 சென்ட் கல்லைத் தேர்வது நல்ல உத்தி. ஒரு கேரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் எனில், இதன் விட்டம் 6.3 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்.

ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரமும் வேதியியல்படி வைரமே. வெறுங்கண்ணால் அதைப் பிரித்தறிய இயலாது. விலை மிகக் குறைவு, மறுவிற்பனை மதிப்பும் அவ்வாறே. ஆகவே எந்த வகை என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். கடையே தரும் மதிப்பீட்டுத் தாளை ஏற்காமல், தனித்த ஆய்வகத்தின் அறிக்கையைப் பெற்று, அதன் எண் கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருப்பின் உருப்பெருக்கி வழியே ஒப்பிட்டுப் பார்த்து, ஆய்வகத்தின் இணையதளத்திலும் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துவது தகும். இயன்றவரை பதிக்கப்படாத கல்லைப் பார்த்துத் தேர்ந்து, பின்னர் மோதிரத்தில் பதிக்கச் செய்வது சிறந்தது. இந்தியாவில் வாங்குவோர், 18 கேரட் தங்கத்தைக் குறிக்கும் 750 என்ற ஹால்மார்க் முத்திரையையும், பில்லில் கல்லின் எடையைக் கழித்த பின்னரே தங்கத்துக்கு விலை கணக்கிடப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வைரத்தைக் கீறுவதுதான் அரிது. குறிப்பிட்ட திசைகளில் அதன் படிக அமைப்பு எளிதாகப் பிளவுபடும் என்பதால் ஓங்கிய அடியில் அது சிதறக்கூடும். பேரிக்காய் வடிவத்தின் கூர்முனையையும் சதுர வடிவத்தின் மூலைகளையும் கவ்விகள் முழுதாகப் பொதிந்திருக்கின்றனவா என்பதை மோதிரத்தைக் கையில் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அணியத் தொடங்கிய பின்னும் கவ்விகள் தளர்ந்துள்ளனவா என்பதை அவ்வப்போது பொற்கொல்லரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.