கல் வந்தால் கால்சியத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற வருடம் தனியார் மருத்துவமனை ஒன்றில் உடல் எடைக்காக வயிற்றில் பைபாஸ் அறுவை செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தவள் இப்போது 76 கிலோ. சர்க்கரை மாத்திரையைக்கூட டாக்டர் நிறுத்திவிட்டார். போன மாதம் நைட் ஷிப்டில் இருந்தபோது இடது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, வாந்தி. ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல் என்றார்கள். "நீ போடுற கால்சியம் மாத்திரைதான் கல்லாப் போயிருக்கு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பயந்து அதை நிறுத்திவிட்டேன். எடை திரும்ப ஏறிவிடக் கூடாது என்று காலையில் ஸ்பினாச், பாதாம் போட்டு அடித்த பச்சை ஜூஸ்தான் சாப்பாடு. கூடவே வைட்டமின் சி கரையும் மாத்திரை ஒன்று. வலி வரும்போது கிளினிக்கில் கொடுத்த பொன்ஸ்தான் போடுகிறேன். மாமியார் பெச்சா பெலிங் இலை அவித்துத் தருகிறார். அறுவை செய்துகொண்டதால்தான் கல் வந்ததா? அதைப் பழையபடி மாற்ற முடியுமா?

— வாசகி, தெலுக் பங்லிமா காராங்

பதில்: சகோதரி, கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கல் அல்ல, கால்சியத்தை நிறுத்திவிட்டேன் என்ற வரிதான். அந்த அக்காமீது கோபமில்லை. கல்லில் கால்சியம் இருக்கிறது, மாத்திரையிலும் இருக்கிறது, ஆகவே நிறுத்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2002இல் இத்தாலியில் ஆய்வு ஒன்று வெளியானது. கல் வந்து வந்து போன 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைத்த உணவு; மறு பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். மற்றவர்களில் 12 பேருக்குத்தான்.

காரணம் ஆக்ஸலேட். கீரையிலும் கொட்டை வகைகளிலும் நிறைந்திருக்கும் ஓர் அமிலத்தின் உப்பு அது. கால்சியத்தோடு குடலிலேயே ஜோடி சேர்ந்துவிட்டால் இரண்டும் மலத்தோடு வெளியேறிவிடும். ஜோடி கிடைக்காத ஆக்ஸலேட் இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே கால்சியத்தைச் சந்தித்தால் கல்.

உங்கள் அறுவையில் (இதய பைபாஸோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, வீட்டுப் பெரியவர்கள் குழம்பிக்கொள்வதுண்டு) இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைத்திருப்பார்கள். அதனால் சாப்பிட்ட கொழுப்பு முழுதாகச் செரிக்காமல் கீழே இறங்குகிறது. அந்தக் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்து சோப்பாக மாற்றிவிடுகிறது. சும்மா சொல்லவில்லை, வேதியியல்படி அது சோப்பேதான். ஆக்ஸலேட்டோடு சேரக் கால்சியம் மிச்சமில்லை. போதாததற்கு, உறிஞ்சப்படாத பித்த அமிலங்கள் பெருங்குடல் சுவரை ஆக்ஸலேட்டுக்கு இன்னும் எளிதாக வழிவிடச் செய்கின்றன.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, ஆமாம், அறுவைக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கல் வந்தது. அதே போன்ற எடையோடு அறுவை செய்யாதவர்களில் சுமார் 4 சதவீதம். குடலைத் தாண்டி இணைக்கும் அறுவைகளில்தான் இந்த ஆபத்து. இரைப்பையை மட்டும் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் இப்படிக் கூடவில்லை. எந்த அறுவை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனைச் சீட்டில் இருக்கும், பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அறுவையைப் பழையபடி மாற்றுவதா? கூடாது என்பேன். சர்க்கரை மாத்திரை நின்றுபோனது சின்ன விஷயமில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை சிறுநீரகத்தை அரிக்கும் வேகத்துக்கு முன்னால் ஒரு 6 மில்லிமீட்டர் கல் பெரிதில்லை. கூடுதல் எடையும் சர்க்கரை நோயும்கூடத் தம் பங்குக்குக் கல்லை வரவழைப்பவைதான். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 சதவீதத்தினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். உங்களைப் போல அறுவைக்குப் போகிறவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். போகுமுன் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி அந்தப் பச்சை ஜூஸ். அமெரிக்க சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் 2018இல் வந்த செய்தி இது. 65 வயது அம்மா ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே பைபாஸ் செய்தவர். சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. உடலைச் சுத்தப்படுத்துகிறேன் என்று கீரையும் பழமும் அரைத்த பச்சை ஜூஸைக் குடித்தார். சற்று முன்புதான் நீண்ட நாள் ஆண்டிபயாடிக் மாத்திரை எடுத்திருந்தார். ஆக்ஸலேட்டைத் தின்று அழிக்கும் குடல் பாக்டீரியாவை அது குறைத்துவிடும். அவருக்குக் கல்கூட வரவில்லை. ஆக்ஸலேட் துகள்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே படிந்து, அது நிரந்தரமாகச் செயலிழந்தது. நம் பக்கமும் உதாரணம் உண்டு. கேரளத்தில் பிலிம்பிப் பழச்சாற்றைக் குடித்து சிறுநீரகம் பழுதான பத்து பேரைப் பற்றி 2013இல் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். இங்கே வீட்டுக் கொல்லையில் காய்த்துத் தொங்கும் பெலிம்பிங் பூலோதான் அது. சம்பாலில் ஒன்றிரண்டு போடுவதில் குற்றமில்லை, கொழுப்பு குறையும் என்று சாறு பிழிந்து குடிப்பதுதான் வினை.

ஸ்பினாச்சும் பாதாமும் ஆக்ஸலேட்டில் முதல் வரிசை. வெறும் வயிற்றில், பால் தயிர் ஏதுமின்றி, பச்சையாக அரைத்துக் குடிப்பதைவிட மோசமான முறை எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கரையும் மாத்திரையில் பெரும்பாலும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். உடலில் அதன் ஒரு பகுதியும் ஆக்ஸலேட்டாகிறது. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். கீரை வேண்டுமானால் சாவிக்கீரை, முட்டைக்கோஸ். தண்டுக்கீரை ஆசையென்றால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடையுங்கள். சத்து போகிறதே என்று மனம் கேட்காது, தெரியும். உங்களுக்கு அது போகத்தான் வேண்டும். கீரையோடு தயிர் ஆகாது என்பார்கள் பாட்டிமார். உங்கள் தட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். அதே கணக்கில், வெறும் தே ஓவைவிடப் பால் சேர்ந்த சீனியில்லாத் தேநீர் உங்களுக்கு மேல். தே தாரிக்கின் இனிப்புப் பால் மட்டும் வேண்டாம்.

கால்சியம் மாத்திரைக்கு வருவோம். அக்கா சொன்னதில் துளி உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் 36,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2006இல் முடிவு வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் கூடியது. அவர்கள் குடல் பைபாஸ் செய்தவர்கள் அல்லர். உங்களைப் போன்றவர்களுக்கு எலும்பைக் காக்கவும் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கவும் கால்சியம் தேவை. ஆனால் சாப்பாட்டோடு போட வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது போட்டால் பிடிக்க அங்கே ஆக்ஸலேட் இருக்காது. பைபாஸ் செய்தவர்களுக்கு ஏற்றது கால்சியம் சிட்ரேட். சிறுநீரில் சிட்ரேட் கூடினால் கல் படிவதும் குறையும். பொதுவாக நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம், ஒரு வேளைக்கு 500ஐத் தாண்டாமல் பிரித்து, இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. கையில் இருப்பது கால்சியம் லேக்டேட் என்றால் கவனம்: 300 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான கால்சியம் 40 மில்லிகிராம்கூட இல்லை. உங்கள் அளவை அறுவை செய்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சந்திப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் கஷ்டம் புரிகிறது. சின்ன இரைப்பைப் பை, மடமடவென்று குடிக்க முடியாது. லைனில் நிற்கும்போது அடிக்கடி கழிவறைக்குப் போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போவதுதான் இலக்கு. இரண்டரை லிட்டர் குடித்தால் போதும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். நம் வெயிலில் வியர்வைக்கே ஒரு பங்கு போய்விடும். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பாட்டில் வைத்து வாய் வாயாகப் பருகுங்கள். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், ஆசாம் போய் போடாதீர்கள், அந்த உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். மாமியாரின் பெச்சா பெலிங் கல்லைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அதோடு உள்ளே போகும் தண்ணீருக்குத்தான் புண்ணியம்.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். பெரிய பிளாஸ்டிக் பாட்டில் தருவார்கள். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு ஒரு சொட்டு விடாமல் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து சேர்த்துவிட்டு, முடிவு நன்றாக வந்தது என்று மகிழ்வார்கள். முடிந்தால் வேலை நாளிலும் ஒரு முறை சேர்த்துக் கொடுங்கள். உண்மை அதில்தான் தெரியும். ஆக்ஸலேட் 40, 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

கடைசியாக, பொன்ஸ்தானை விட்டுவிடுங்கள். பைபாஸ் செய்தவர்கள் அந்த வகை வலி மாத்திரைகளைப் போட்டால் குடல் இணைப்பில் புண் வந்து இரத்தம் கசியலாம். கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகப் பைபாஸ் செய்ததைச் சொல்லுங்கள். வலிக்கு வேறு மருந்து தருவார்கள். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள கல் சிறுநீர்க் குழாயில் இறங்கினால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், அல்லது சிறுநீரே போகாவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பந்திங் மருத்துவமனையோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடைத்த கல்லுக்குப் பின்னால் கிருமி சேர்ந்துவிட்டால் ஓர் இரவுகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.