பாகுக்கு ஒரே எண் கிடையாது



சிமென்ட் ஆலை இருக்கும் ரெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு விசேஷச் சமையலை ஏற்கத் தொடங்கியிருக்கும் உனக்கு, எடையை அளவாக மாற்றும் கணக்கைச் சொல்ல சிமென்ட் மூட்டையே போதும். ஆலையிலிருந்து அது 50 கிலோவாக வெளியே வருகிறது. மணலையும் ஜல்லியையும் பெட்டியால் அளக்கும் கொத்தனாருக்கோ அது 35 லிட்டர். உதிரி சிமென்ட் லிட்டருக்கு 1.44 கிலோ என்பதே அதன் பின்னால் உள்ள கணக்கு. வேடிக்கை என்னவென்றால், நல்ல தேனும் கிட்டத்தட்ட அதே கனம்தான்: லிட்டருக்கு 1.42 கிலோ. 2 கிலோ தேன் என்று எழுதியிருக்கும் குறிப்புக்கு 2 லிட்டர் ஊற்றினால் 840 கிராம் கூடிப்போகும். 1.42ஆல் வகுத்து 1.4 லிட்டர் ஊற்று. கடையில் வாங்கும் 500 கிராம் பாட்டிலில் இருப்பதும் 350 மில்லிதான்.

இந்த 1.42ஐ வெல்லப்பாகின் பக்கம் கொண்டுபோய்விடாதே. கனத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் தண்ணீர். தேனில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்பதால் எண் ஓரளவு நிலைத்து நிற்கிறது. சர்க்கரையும் தண்ணீரும் எடையில் சரிபாதி என்றால் லிட்டருக்கு 1.23 கிலோதான். வெல்லப்பாகோ அடுப்பில் இருக்கும் வரை மாறிக்கொண்டே இருக்கும். 1 கிலோ வெல்லத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒன்றரைக் கிலோ. கொதித்து 1.3 கிலோவாக வற்றினாலும் வெல்லம் அதே 1 கிலோதான். போனது தண்ணீர் மட்டும். பாதி வெல்லத்தின் இனிப்பு வேண்டுமென்றால் முன்பு 750 கிராம், இப்போது 650. கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும், தராசு ஏமாற்றாது.

பெரியவர்கள் படியாலும் உழக்காலும் அளந்துதானே பந்தி நடத்தினார்கள் என்று கேட்பாய். நடத்தினார்கள். அரிசிக்கும் வெல்லத்துக்கும் ஒரே பாத்திரம் என்பதால் விகிதம் பிசகவில்லை. பாகை மட்டும் அவர்கள் படியால் நம்பவில்லை என்பதைக் கவனி. கம்பி இழுத்தும், தண்ணீரில் விட்டு உருட்டியும் பார்த்தார்கள். பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்பதை அறியும் சோதனை அது. அதிரசத்துக்கு இன்றும் அதுதான் தீர்ப்பு. அங்கே தராசு விரலுக்குத் துணை, மாற்று அல்ல. சூட்டில் தேன் விரிந்து கணக்குக் கெடுமே என்பது இன்னொரு கேள்வி. கெடும், ஆனால் கொஞ்சம்தான். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்பதே அதைவிடப் பெரிய நஷ்டம்.

சட்டியோடு நிறுத்து வெறும் சட்டியின் எடையைக் கழித்தால் ஒட்டியதும் கணக்கில் வந்துவிடும். ஆகவே அடுத்த முறை பாத்திரக் கடையில் பேர் வெட்டக் கொடுக்கும்போது, பேருக்குக் கீழே அதன் வெற்றெடையையும் வெட்டச் சொல்.